ஒக்கினாவா இழந்தது, நகானோ பெற்றது: நீண்ட ஆயுளின் இரு பாடங்கள்

சில மாதங்களுக்கு முன், அஸருக்குப் பிறகு ஒரு ஜனாஸா தொழுகை நடத்தினேன். இறந்தவருக்கு வயது 51. வளைகுடாவில் இருபது ஆண்டுகளுக்கு மேல் உழைத்துவிட்டு, "இனி ஊரோடுதான் ஹஜ்ரத்" என்று சந்தோஷமாகச் சொல்லி வந்தவர். வந்து ஒன்றரை வருடம்கூட ஆகவில்லை. சந்தூக்குக்குத் தோள் கொடுக்க அவருடைய அத்தாவும் வந்தார். எண்பதை நெருங்கும் பெரியவர். "நீங்க வேண்டாம் பெரியத்தா" என்று இளைஞர்கள் தடுத்தார்கள். அவர் கேட்கவில்லை.

கப்ருஸ்தானிலிருந்து திரும்பும்போது ஒருவர், "மவுத்து எழுதினபடிதானே ஹஜ்ரத்" என்றார். ஆமாம் என்றேன். ஆனால் அன்று இரவு தூக்கம் வரவில்லை. மறுநாள் ஜமாஅத் அலுவலகத்தில் மவுத் பதிவேட்டை எடுத்துப் புரட்டினேன். நான் மருத்துவன் அல்ல, அதை வைத்துப் புள்ளிவிவரம் சொல்ல எனக்குத் தகுதியில்லை. ஆனாலும் ஒன்று கண்ணில் பட்டது. தகப்பன் உயிரோடு இருக்க, நாற்பதுகளிலும் ஐம்பதுகளிலும் போய்ச் சேர்ந்த மகன்களின் பெயர்கள் அண்மைக்காலப் பக்கங்களில் அடிக்கடி வருகின்றன. மாரடைப்பு, சர்க்கரை, சிறுநீரகம் என்ற காரணங்களே திரும்பத் திரும்ப எழுதப்பட்டிருக்கின்றன.

தகப்பனைவிட மகனுக்கு நல்ல மருத்துவமனை கிடைத்தது. நல்ல சாப்பாடும் நல்ல வருமானமும் கிடைத்தன. பிறகு ஏன் இப்படி?

இந்தக் கேள்வியோடு தேடியபோதுதான் ஜப்பானின் இரண்டு மாகாணங்களின் கதை கிடைத்தது. ஒன்று, நீண்ட ஆயுளுக்கு உலகப் புகழ் பெற்று, ஒரே தலைமுறையில் அதை இழந்த ஒக்கினாவா. மற்றொன்று, பக்கவாதத்துக்குப் பெயர்போன நிலையிலிருந்து ஆயுளில் முதலிடத்துக்கு ஏறிய நகானோ. நம் வீடுகளில் பேசப்பட வேண்டிய கதை என்பதால் எழுதுகிறேன்.

அஜல் எழுதப்பட்டதுதானே?

முதலில் இந்தக் கேள்வியைத் தாண்டிவிடுவோம். ஒவ்வொருவருக்கும் தவணை குறிக்கப்பட்டிருக்கிறது என்பது நம் ஈமானில் உள்ளது. அதே ஈமான்தான் ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைக்கச் சொல்கிறது. ஷாம் தேசத்தில் கொள்ளைநோய் பரவியிருப்பதை அறிந்ததும் உமர் (ரலி) அவர்கள் அதற்குள் நுழையாமல் மக்களோடு திரும்பிய வரலாறு மதரஸா மாணவர்கள் எல்லோரும் அறிந்தது. திரும்பியதும் விதிக்கு உட்பட்டதே என்பதுதான் அவர்களின் புரிதல்.

தவணை எப்போது என்பது நம் கையில் இல்லை. அதுவரை இந்த உடலை எப்படி வைத்துக்கொள்கிறோம் என்பது நம்மிடம் கேட்கப்படும். இனி ஜப்பானுக்குப் போவோம்.

கிழங்கு தின்ற தீவு

ஒக்கினாவா ஜப்பானின் தென்கோடியில் உள்ள தீவுக்கூட்டம். முன்பு ரியூக்யூ என்ற தனி அரசாக இருந்து, 1879இல் ஜப்பானின் மாகாணம் ஆனது. புயலடிக்கும் ஏழைத் தீவு. 1945இல் அங்கே நடந்த போரில் தீவு மக்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவர் மாண்டனர். போருக்குப் பின் 1972 மே மாதம் வரை அமெரிக்க நிர்வாகத்தின் கீழ் இருந்தது.

இத்தனை துன்பத்தைக் கண்ட மண்ணில்தான் முதியவர்கள் ஆச்சரியப்படும்படி நலமாக வாழ்ந்தார்கள். 1975இல் மகோட்டோ சுசுகி என்ற மருத்துவர் அங்கே நூறு வயது கடந்தவர்களை ஆராயத் தொடங்கினார். பிராட்லி வில்காக்ஸ், கிரெய்க் வில்காக்ஸ் என்ற சகோதரர்கள் பின்னர் அவரோடு சேர்ந்தனர். மாரடைப்பு, பக்கவாதம், சில வகைப் புற்றுநோய்கள் எல்லாம் அந்த முதியவர்களிடம் குறைவாக இருந்தன.

அவர்கள் என்ன சாப்பிட்டார்கள்? 1949இல் எடுக்கப்பட்ட உணவுக் கணக்கு ஒன்று உண்டு. உடலுக்குக் கிடைத்த சக்தியில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு சர்க்கரைவள்ளிக் கிழங்கிலிருந்து வந்தது. நம் ஊரில் அவித்துத் தின்கிற அதே கிழங்குதான். அதோடு கொஞ்சம் அரிசி, சோயாவில் செய்த டோஃபு, கீரை, கடற்பாசி. மீனும் இறைச்சியும் சேர்ந்தே மிகச் சிறிய பங்கு. நமக்கு ஆகாத பன்றி இறைச்சியும் அவர்கள் உணவில் உண்டு. ஆனால் அந்தக் காலத்தில் அது விசேஷ நாட்களுக்கு மட்டுமே உரியது. பாகற்காயை வாரத்தில் பலமுறை சமைப்பார்கள், மஞ்சள் போட்ட தேநீர் குடிப்பார்கள். இரண்டும் நம் அடுப்படியில் இருப்பவைதான்.

வயிறு எண்பது பங்கு நிறைந்ததும் எழுந்துவிட வேண்டும் என்பது அங்கே பெரியவர்கள் பிள்ளைகளுக்குச் சொல்லும் பழக்கம். வயிற்றை மூன்றாகப் பிரித்து உணவுக்கு ஒரு பங்கு, தண்ணீருக்கு ஒரு பங்கு, மூச்சுக்கு ஒரு பங்கு என்று நமக்குக் கற்றுத் தரப்பட்டிருக்கிறது. நாம் மனப்பாடம் செய்தோம், அவர்கள் சாப்பாட்டில் நடைமுறைப்படுத்தினார்கள்.

உணவு மட்டும் அல்ல. தரையில் பாய் விரித்து உட்கார்ந்து, ஒரு நாளைக்குப் பலமுறை எழுந்து உட்கார்ந்து வாழ்ந்தவர்கள். கொல்லையில் காய்கறி போட்டு, எண்பது வயதிலும் களை பறித்தவர்கள்.

அங்கே 'மொஆய்' என்ற ஒரு வழக்கம் உண்டு. நம் ஊர்ச் சீட்டு மாதிரி. ஏழெட்டுப் பேர் சேர்ந்து மாதாமாதம் ஆளுக்கு ஒரு தொகை போடுவார்கள். முறை வந்தவர் எடுத்துக்கொள்வார், அல்லது கஷ்டம் வந்தவருக்குக் கொடுப்பார்கள். பணம் சிறியது. சந்திப்பதுதான் பெரியது. இளவயதில் சேர்ந்த குழு தள்ளாத வயது வரை தொடரும். ஒருவர் இரண்டு முறை வரவில்லையென்றால் மற்றவர்கள் வீட்டுக்கே போய்ப் பார்ப்பார்கள்.

கூடி வாழ்வதற்கும் ஆயுளுக்கும் என்ன தொடர்பு என்று கேட்கலாம். அமெரிக்க ஆய்வாளர் ஜூலியான் ஹோல்ட்-லன்ஸ்டாடும் அவருடைய குழுவினரும் 2010இல் 148 ஆய்வுகளை ஒன்றுதிரட்டிப் பார்த்தார்கள். மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட மக்களைப் பற்றிய ஆய்வுகள் அவை. உறவும் நட்பும் வலுவாக இருந்தவர்கள், அவை பலவீனமாக இருந்தவர்களைவிட ஆய்வுக் காலத்தில் உயிரோடு இருக்கும் வாய்ப்பு 50 சதவீதம் அதிகம் என்று கண்டார்கள். ஆயுளில் பரக்கத் வேண்டுவோர் இரத்த உறவைச் சேர்ந்து வாழட்டும் என்ற கருத்திலான நபிமொழியை நாம் குத்பாக்களில் எத்தனையோ முறை கேட்டிருக்கிறோம். சொத்துத் தகராறில் பத்து வருடமாகப் பேசாத அண்ணன் தம்பிகள் இதை ஒருமுறை நினைத்துப் பார்க்கட்டும்.

பெருமை எப்படிக் கைநழுவியது?

ஜப்பானில் 47 மாகாணங்கள். ஐந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை மாகாணவாரியாக சராசரி ஆயுள் கணக்கை அரசு வெளியிடும். 1985இல் ஒக்கினாவாவின் ஆண்களும் பெண்களும் முதலிடத்தில் இருந்தார்கள். 2000ஆம் ஆண்டுக் கணக்கு வந்தபோது ஆண்கள் 26ஆம் இடத்துக்கு விழுந்திருந்தார்கள். தீவே அதிர்ந்தது. '26 அதிர்ச்சி' என்றே அதற்குப் பெயர் வைத்தார்கள். அதோடு நிற்கவில்லை. 2010இல் 30, 2015இல் 36, 2020இல் 43. பெண்கள் 2005 வரை முதலிடத்தைக் காத்தார்கள். 2020இல் அவர்களும் 16ஆம் இடத்துக்கு வந்துவிட்டார்கள்.

ஒன்றைச் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும். ஒக்கினாவா ஆண்களின் சராசரி ஆயுள் குறையவில்லை. 1985இல் 76 வயதாக இருந்தது, 2020இல் 80ஐத் தாண்டியிருக்கிறது. மற்ற மாகாணங்கள் வேகமாக ஏறின, இவர்கள் பின்தங்கினார்கள். ஏன் பின்தங்கினார்கள் என்று பார்த்தால், முதியவர்களிடம் பிரச்சினை இல்லை. கிழங்கு தின்று வளர்ந்த அந்தத் தலைமுறை நன்றாகவே இருந்தது. 65 வயதுக்கு உட்பட்ட அவர்களின் பிள்ளைகள்தான் ஜப்பானின் மற்ற பகுதிகளைவிட அதிகமாக இறந்தார்கள். பெற்றோர் இருக்க, பிள்ளைகள் போனார்கள்.

இதைப் படித்தபோது, சந்தூக்குக்குத் தோள் கொடுக்க வந்த அந்தப் பெரியத்தாவின் முகம் கண்முன் வந்து நின்றது.

காரணங்கள் மறைவானவை அல்ல. அமெரிக்கப் படைத் தளங்களோடு அமெரிக்க உணவும் வந்தது. ஜப்பான் பெருநிலத்தில் மெக்டொனால்ட்ஸ் முதல் கடையைத் திறந்தது 1971இல். ஒக்கினாவாவிலோ 1963லேயே அமெரிக்கத் துரித உணவகம் வந்துவிட்டது. டப்பாவில் அடைத்த இறைச்சி வீட்டுச் சமையலில் கலந்தது. கிழங்கின் இடத்தை வெள்ளை அரிசியும் ரொட்டியும் பொரித்த பண்டங்களும் பிடித்தன. உணவில் கொழுப்பின் பங்கு ஜப்பானின் மற்ற பகுதிகளுக்கு முன்பே இங்கே உயர்ந்தது. மதுவால் வரும் கல்லீரல் நோயும் பலரைக் கொண்டுபோனது.

அடுத்தது கார். தீவில் இருந்த சிறு ரயில் பாதை போரில் அழிந்தது. அதன் பிறகு 2003இல் நாஹா நகரில் மோனோ ரயில் வரும்வரை ரயிலே கிடையாது. பக்கத்துக் கடைக்கும் காரில் போகும் பழக்கம் ஊறியது. நடந்து வேலை செய்தவர்களின் பிள்ளைகள் உட்கார்ந்து வேலை செய்தார்கள். உழைப்பு குறைந்தது, சாப்பாடு கூடியது. ஜப்பானில் உடல் பருமன் மிகுந்த மாகாணங்களில் ஒன்றாக ஒக்கினாவா ஆனது.

இரத்தம் அதேதான், பரம்பரை அதேதான், காற்றும் கடலும் அவையேதான். தட்டும் கால்களும் மட்டும் மாறின. "எங்க குடும்பத்துல எல்லாரும் தொண்ணூறு வயசு வரை இருந்தவங்க, எங்களுக்கு ஒண்ணும் ஆகாது" என்று சொல்பவர்களுக்கு இதைவிடத் தெளிவான பதில் இல்லை.

ஒரு எச்சரிக்கை

நீண்ட ஆயுள் பற்றிய செய்திகளில் மிகைப்படுத்தலும் உண்டு. 2010இல் ஜப்பான் அரசு குடும்பப் பதிவேடுகளைச் சோதித்தபோது, நூறு வயதுக்கு மேல் என்று பதிவாகி, எங்கே இருக்கிறார்கள் என்றே தெரியாதவர்கள் 2,34,000க்கும் மேல் இருந்தார்கள். டோக்கியோவில் 111 வயதுக்காரர் என்று கருதப்பட்ட ஒருவர் முப்பது ஆண்டுகளுக்கு முன்பே இறந்துபோயிருந்தார், குடும்பத்தினர் அதை மறைத்து ஓய்வூதியம் வாங்கிக்கொண்டிருந்தனர். ஒக்கினாவாவின் பதிவேடுகள் பல போரில் எரிந்தவை. ஆகவே 'நூறு வயது இரகசியம்' என்று வாட்ஸ்அப்பில் வரும் எல்லாவற்றையும் நம்பிவிட வேண்டாம்.

ஆனால் நான் மேலே சொன்னது நூறு வயதுக்காரர்களின் கணக்கு அல்ல, மொத்த மக்களின் சராசரி ஆயுள் கணக்கு. நமக்கும் நூற்றுப்பத்து வயது தேவையில்லை. ஐம்பதில் போக வேண்டாம் என்பதும், எழுபதில் படுக்கையில் கிடக்க வேண்டாம் என்பதும்தான் நம் ஆசை.

உப்பைக் குறைத்த மலைநாடு

இனி நகானோ. 1998 குளிர்கால ஒலிம்பிக் நடந்த இடம். ஜப்பானின் நடுவே, கடலே இல்லாத மலைப் பிரதேசம். குளிர்காலத்தில் பனி மூடிவிடும், காய்கறி கிடைக்காது. அதனால் கீரையை உப்பில் ஊறவைத்து மாதக்கணக்கில் தின்பார்கள். மீசோ சூப்பும் உப்பு. தேநீரோடு கடித்துக்கொள்வதும் உப்பு ஊறுகாய். 1980 வாக்கில் ஒருவர் ஒரு நாளில் சராசரியாக உண்ட உப்பு 15 கிராமைத் தாண்டியிருந்தது. ஜப்பானில் பக்கவாதத்தால் அதிகம் பேர் இறந்த மாகாணங்களில் நகானோவும் ஒன்று.

அந்த மாகாணத்தின் ஆண்கள் 1990 முதல் 2010 வரையிலான எல்லாக் கணக்குகளிலும் முதலிடம் பெற்றார்கள். பெண்கள் 2010லும் 2015லும் முதலிடம். 2020இல் ஆண்கள் இரண்டாம் இடம், பெண்கள் நான்காம் இடம். ஒக்கினாவா இறங்கிய அதே ஆண்டுகளில் இவர்கள் ஏறினார்கள்.

இதைச் செய்தது பெரிய மருத்துவமனைகளா? ஒரு மருத்துவர் தொடக்கம் வைத்தார், மீதியைச் செய்தவர்கள் வீட்டுப் பெண்கள்.

தொஷிகாசு வகாட்சுகி என்ற அறுவை மருத்துவர் 1945 மார்ச்சில் சாகு என்ற கிராமப்புற மருத்துவமனைக்கு வந்தார். நோய் முற்றிய பிறகே விவசாயிகள் வருவதைக் கண்டார். வலியைப் பொறுத்துக்கொள்வதே பெருமை என்று எண்ணிய மக்கள் அவர்கள். மருத்துவரைப் பார்த்தால் செலவு என்ற பயம் வேறு. "வரவில்லையென்றால் நாம் போவோம்" என்று முடிவெடுத்து, மருத்துவமனை ஊழியர்களைச் சேர்த்துக்கொண்டு கிராமங்களுக்குப் போனார். பகலில் சிகிச்சை, மாலையில் நாடகம். உரை நிகழ்த்தினால் மக்கள் தூங்குவார்கள் என்று தெரிந்து, நோய்களைப் பற்றிய நாடகங்களைத் தாமே எழுதி ஊழியர்களை நடிக்கவைத்தார். 1959இல் யாச்சிஹோ என்ற கிராமத்தில் ஊர் முழுவதற்கும் ஆண்டுதோறும் உடல் பரிசோதனை தொடங்கியது. அவருக்கு 1976இல் மகசேசே விருது கிடைத்தது.

இன்னொரு பக்கம், 1945இல் இன்றைய சுசாக்கா நகரத்தைச் சேர்ந்த ஒரு கிராமத்தில், தனி ஆளாக ஊரெங்கும் அலைந்த சுகாதாரச் செவிலி ஒருவருக்கு உதவ வீட்டுப் பெண்கள் முன்வந்தார்கள். அது மாகாணம் முழுவதும் பரவி, பத்தாயிரம் பேர் அளவிலான சுகாதாரத் தொண்டர் அமைப்பாக வளர்ந்தது. இதில் ஒரு நுட்பம் இருக்கிறது. ஒரு தொண்டரின் காலம் இரண்டு ஆண்டுகள்தான். பிறகு வேறு வீட்டுப் பெண் வருவார். முந்தையவர் கற்றதை மறந்துவிடுவாரா என்ன? அப்படியே தலைமுறையாகச் சுழன்று, தெருவுக்குத் தெரு விஷயம் தெரிந்த பெண்கள் உருவானார்கள்.

1980களின் தொடக்கத்தில் உப்புக் குறைப்பு இயக்கம் வந்தபோது இவர்கள்தான் வீடு வீடாகப் போனார்கள். உப்பை அளக்கும் சிறு கருவியைச் சூப்பில் வைத்துக் காட்டினார்கள். "உங்க வீட்டுச் சூப்பில் உப்பு இவ்வளவு" என்று எண்ணாகக் கண்ணால் பார்த்தபோது மக்கள் நம்பினார்கள். நூடுல்ஸைத் தின்றுவிட்டு அந்தச் சாற்றைக் குடிக்காமல் விடுங்கள், ஊறுகாயைச் சிறு கிண்ணத்தில் எடுத்து வையுங்கள் என்பவைபோல, செய்யக்கூடிய சிறு விஷயங்களைச் சொன்னார்கள். அதற்கு முன்பே, கடுங்குளிரில் இரத்த அழுத்தம் ஏறிப் பக்கவாதம் வருவதால், வீட்டில் ஒரு அறையையாவது சூடாக வைத்திருங்கள் என்ற இயக்கமும் நடந்திருந்தது.

நகானோ முதியவர்களின் இன்னொரு சிறப்பு, அவர்கள் வேலையை விடுவதில்லை. வேலை பார்க்கும் முதியவர்களின் விகிதத்தில் அந்த மாகாணம் ஜப்பானில் முன்னணியில் நிற்கிறது. ஆப்பிள் தோட்டத்திலும் காய்கறி வயலிலும் எழுபது, எண்பது வயதுக்காரர்களைப் பார்க்கலாம். காய்கறி உண்பதிலும் அவர்கள் முன்னணி. நகானோ மக்கள் புனிதர்கள் அல்லர். இன்றும் ஜப்பானியர் உண்ணும் உப்பு, உலக சுகாதார நிறுவனம் சொல்லும் 5 கிராமைவிட அதிகம்தான். ஆனால் குறைத்த அளவுக்குப் பலன் கிடைத்தது. முழுதாகச் செய்ய முடியாவிட்டால் ஒன்றுமே செய்ய வேண்டாம் என்பது சோம்பேறிகளின் வாதம்.

நீண்ட ஆயுளும் நல்ல ஆயுளும்

ஆயுள் நீண்டால் மட்டும் போதுமா? ஜப்பான் இதையும் கணக்கிடுகிறது. 2019 கணக்கில் ஆண்களின் சராசரி ஆயுள் 81.41. ஆனால் நோயோ முடமோ அன்றாட வாழ்வைக் கட்டுப்படுத்தாமல் வாழும் காலம் 72.68 ஆண்டுகள்தான். பெண்களுக்கு 87.45, 75.38. அதாவது ஆணுக்குக் கடைசி 9 ஆண்டுகளும் பெண்ணுக்கு 12 ஆண்டுகளும் சிரமத்தில் போகின்றன. உலகிலேயே நீண்ட ஆயுள் உள்ள நாடுகளில் ஒன்றில் இந்த நிலை.

முதுமையைச் சிரமமாக்குவதில் முக்கியமானவை பக்கவாதம், ஞாபக மறதி நோய், விழுந்து எலும்பு முறிவது. மூன்றுக்கும் வேர் நடுத்தர வயதிலேயே இருக்கிறது. கவனிக்காத இரத்த அழுத்தம் பக்கவாதத்தைத் தருகிறது, மூளையையும் மெல்ல அரிக்கிறது. நடக்காத கால்களில் தசை கரைந்து, ஒருநாள் குளியலறையில் விழவைக்கிறது. வாரத்துக்கு 150 நிமிடமாவது வேகமாக நடக்க வேண்டும், 65 வயதைக் கடந்தவர்கள் அதோடு வாரம் மூன்று நாளாவது தசை வலுவுக்கும் சமநிலைக்கும் பயிற்சி செய்ய வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. நாற்காலியிலிருந்து கையூன்றாமல் பத்து முறை எழுந்து உட்காருவதும் ஒரு பயிற்சிதான்.

நம் பள்ளிவாசல்களில் நாற்காலிகள் பெருகிவருவதைக் கவனித்திருப்பீர்கள். நான் இமாமத்துக்கு வந்த புதிதில் ஸஃப்பின் ஓரத்தில் இரண்டு இருக்கும். இப்போது ஒரு வரிசையே இருக்கிறது. இயலாதவருக்கு மார்க்கம் தந்த சலுகை அது. யாரையும் குறை சொல்லவில்லை. ஆனால் நாற்பத்தைந்து வயதில் முழங்கால் மடங்காமல் போவது ஏன் என்று நாம் கேட்க வேண்டாமா? தொழுகையே உடற்பயிற்சிதானே என்று சிலர் சமாதானம் சொல்கிறார்கள். தொழுகை வணக்கம். அதை உடற்பயிற்சிக் கணக்கில் எழுதி நம்மையே ஏமாற்றிக்கொள்ள வேண்டாம். தொழுகைக்கு பைக்கில் போகாமல் நடந்து போனால், அதைக் கணக்கில் சேர்க்கலாம்.

நாம் எந்தப் பக்கம் போகிறோம்?

சென்னையில் உள்ள நீரிழிவு ஆராய்ச்சி அறக்கட்டளை, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தோடு சேர்ந்து நாடு முழுவதும் நடத்திய ஆய்வின் முடிவு 2023இல் வந்தது. இந்தியாவில் சர்க்கரை நோயாளிகள் 10 கோடிக்கும் மேல். வயது வந்தோரில் மூன்றில் ஒருவருக்கும் மேலாக உயர் இரத்த அழுத்தம். தமிழ்நாட்டில் 14.4 சதவீதம் பேருக்குச் சர்க்கரை நோய். புதுச்சேரியிலும் கேரளத்திலும் நான்கில் ஒருவருக்கு.

இந்தத் திசை ஒக்கினாவாவின் திசை. நம் பாட்டனார் கம்பங்கூழும் மீன் குழம்பும் சாப்பிட்டு, சந்தைக்கு நடந்து போனவர்கள். பிரியாணி அவர்களுக்குப் பெருநாளும் கல்யாணமும். நமக்கு வெள்ளிக்கிழமையே பெருநாள். வளைகுடாவுக்குப் போன சகோதரர்கள் அறைக்குப் பத்துப் பேராக, நள்ளிரவில் புரோட்டாவும் குளிர்பானமுமாகச் சாப்பிட்டு, தூக்கம் கெட்டு உழைக்கிறார்கள். விடுமுறையில் வரும்போது தாயும் மனைவியும் பாசத்தைத் தட்டில் குவிக்கிறார்கள்.

இதில் நான் மட்டும் தப்பியவன் அல்ல. இமாமுக்கு வலீமா சாப்பாடு வேலையின் ஒரு பகுதி மாதிரி. "ஹஜ்ரத்துக்கு இன்னொரு பீஸ் வைங்க" என்பதை மறுக்கத் தெரியாமல் இருபது வருடம் போனது. சென்ற ஆண்டு, வேறு ஒருவரை மருத்துவரிடம் கூட்டிக்கொண்டு போனபோது, சும்மா இருந்த செவிலி என் கையிலும் பட்டையைச் சுற்றினார். 160க்கு மேல். தலைவலிகூட வந்ததில்லை. "இதுதான் ஹஜ்ரத் பிரச்சினை, இது சொல்லிட்டு வராது" என்றார் மருத்துவர். இப்போது மாத்திரை சாப்பிடுகிறேன், லுஹருக்கும் அஸருக்கும் நடந்தே போகிறேன். அந்த இன்னொரு பீஸை மறுக்கவும் பழகிவருகிறேன். இதுதான் மூன்றிலும் கடினம்.

வீட்டிலும் மஹல்லாவிலும் என்ன செய்யலாம்?

முதலில், உப்பைக் கணக்கிடுங்கள். ஒருவருக்கு ஒரு நாளைக்கு 5 கிராம், அதாவது ஒரு தேக்கரண்டிக்கும் குறைவு. ஐந்து பேர் உள்ள வீட்டுக்கு மாதத்துக்கு 750 கிராம். கருவாடு, ஊறுகாய், அப்பளம், பாக்கெட் நொறுக்குத்தீனி எல்லாவற்றிலும் உள்ள உப்பும் இதற்குள் அடக்கம். உங்கள் வீட்டில் ஒரு கிலோ பாக்கெட் எத்தனை நாள் வருகிறது என்று எழுதிவைத்துப் பாருங்கள். நகானோ பெண்கள் கருவியில் காட்டியதை நாம் பாக்கெட்டில் பார்த்துவிடலாம். ஒரே நாளில் குறைக்க வேண்டாம். கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தால் சில வாரங்களில் நாக்கு பழகிவிடும்.

இரண்டாவது, முப்பது வயதைத் தாண்டிய ஒவ்வொருவரும் ஆண்டுக்கு ஒருமுறையாவது இரத்த அழுத்தமும் சர்க்கரையும் பாருங்கள். தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்ட் 5 முதல் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பெண் தன்னார்வலர்கள் வீட்டு வாசலுக்கே வந்து பரிசோதிக்கிறார்கள், மாத்திரையும் தருகிறார்கள். நகானோவில் பலன் தந்த அதே வழி. வருகிறவரைத் திண்ணையிலிருந்தே "எங்களுக்கு ஒண்ணுமில்லம்மா" என்று அனுப்பிவிடாதீர்கள். வீட்டுப் பெண்கள் அனைவரையும் பார்க்கச் சொல்லுங்கள்.

மூன்றாவது, பெண்களின் நடை. ஆண்கள் பள்ளிக்கும் கடைத்தெருவுக்குமாவது போகிறார்கள். நம் பெண்களில் பலருக்கு அடுப்படியும் தொலைக்காட்சியும்தான் எல்லை. நடக்க இடமில்லை, ஊர் என்ன சொல்லும் என்ற தயக்கம். ஃபஜ்ருக்குப் பிறகு நாலு பெண்கள் சேர்ந்து நடந்தால் ஊர் ஒரு வாரம் பேசும், பிறகு இன்னும் நாலு பேர் சேர்வார்கள். மதரஸா மைதானத்தைக் காலையில் ஒரு மணி நேரம் பெண்களுக்கு ஒதுக்க எந்த ஜமாஅத்துக்கும் செலவில்லை.

நான்காவது, ஜமாஅத் மூலம் மாதம் ஒரு ஜும்ஆவுக்குப் பிறகு இரத்த அழுத்தம் பார்க்க ஏற்பாடு செய்யலாம். மஹல்லாவில் செவிலியர் படிப்பு படித்த நம் பிள்ளைகள் இருக்கிறார்கள், ஒரு கருவி இருந்தால் போதும். விருந்துகளில் இரண்டு வகை இறைச்சி, இனிப்பு, ஐஸ்கிரீம் என்று போட்டி போடுவதைக் குறைக்க ஜமாஅத்தே ஒரு வரையறை வைக்கலாம். கடன் வாங்கி விருந்து வைக்கும் ஏழைகளுக்கும் அது நிம்மதி.

ஐந்தாவது, பெரியவர்களுக்கு வேலை கொடுங்கள். "அத்தா நீங்க உக்காருங்க, நாங்க பாத்துக்கறோம்" என்று எல்லாவற்றையும் பிடுங்கிக்கொள்வதை மரியாதை என்று நினைக்கிறோம். கடைக்கணக்கு பார்ப்பது, பேரப்பிள்ளையை மக்தபுக்குக் கூட்டிப்போவது, செடிக்குத் தண்ணீர் ஊற்றுவது என ஏதாவது ஒன்று அவர்களை நம்பி இருக்கட்டும். பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்கும் வீடுகளில் நன்னியும் ஒரு தொலைபேசியும் மட்டும் இருக்கிறார்கள். பக்கத்து வீட்டுக்காரர் தினம் ஒருமுறை வாசலில் நின்று "சாப்டீங்களா நன்னி" என்று கேட்டால், அதுவே நம் மொஆய்.

இறந்த அந்தச் சகோதரரின் அத்தா இப்போதும் ஐந்து வேளையும் பள்ளிக்கு நடந்தே வருகிறார். கைத்தடி இல்லை, நாற்காலி இல்லை. போன வாரம் இஷாவுக்குப் பிறகு தம் பேரனை என்னிடம் கூட்டிவந்தார். பதினாறு வயதுப் பையன், கொஞ்சம் கனத்த உடம்பு. "ஹஜ்ரத், இவனை பைக்கை வச்சுட்டு நடந்து வரச் சொல்லுங்க. நான் சொன்னா கேக்க மாட்டேங்குறான். இன்னொரு சந்தூக்கு தூக்க என் தோள்ல தெம்பு இல்ல" என்றார்.

பையன் தலையைக் குனிந்துகொண்டான். மறுநாள் ஃபஜ்ருக்கு இருவரும் சேர்ந்து நடந்து வந்தார்கள். பாட்டனார் முன்னால், பேரன் இரண்டடி பின்னால், மூச்சு வாங்கியபடி.

அல்லாஹ் நம் ஆயுளிலும் ஆரோக்கியத்திலும் பரக்கத் செய்வானாக. நம் பிள்ளைகள் நம்மை அடக்கம் செய்யும் வரிசையை மாற்றாமல் இருப்பானாக.